ஒரே மெஷினுக்கு எத்தனை பெயர்? இறக்குமதி செய்வோர் அறிய வேண்டிய சுங்க வகைப்பாடு

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, சகோதரர் ஒருவர் கையில் ஒரு கடிதத்தோடு நின்றுகொண்டிருந்தார். ஆங்கிலக் கடிதம் எது வந்தாலும் எங்கள் மஹல்லாவில் சிலர் என்னிடம் கொண்டுவந்து காட்டுவது வழக்கம். இது கஸ்டம்ஸிலிருந்து வந்த கடிதம்.

அவர் கம்ப்யூட்டர் சாமான் விற்பவர். இத்தனை வருடம் மொத்த வியாபாரிகளிடம் வாங்கி விற்றவர், முதன்முறையாக வெளிநாட்டிலிருந்து நேரடியாகச் சரக்கு எடுத்திருக்கிறார். ஆன்லைன் கூட்டங்களுக்கு மேசையில் வைக்கும் கருவி அது. கேமரா, மைக், ஸ்பீக்கர் மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். யூ.எஸ்.பி. ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகினால் வேலை செய்யும். கம்ப்யூட்டர் கருவிகளுக்குரிய எண்ணைப் போட்டுச் சரக்கை வெளியே எடுத்துவிட்டார். 'இந்தப் பொருள் அந்த எண்ணில் எப்படி வரும்? விளக்கம் தரவும்' என்று கடிதத்தில் கேட்டிருந்தார்கள்.

"ஹஜ்ரத், கம்ப்யூட்டரில் செருகாவிட்டால் இது ஒன்றுக்கும் உதவாது. அப்புறம் இது கம்ப்யூட்டர் சாமான் இல்லாமல் வேறென்ன?" என்று கேட்டார்.

"அந்த எண்ணை யார் சொன்னது?" என்றேன்.

"சப்ளையர் இன்வாய்ஸில் போட்டிருந்தார். ஏஜென்ட் அதையே போட்டுவிட்டார்."

"கையெழுத்து யாருடையது?"

கொஞ்சம் தயங்கி, "என்னுடையதுதான்" என்றார்.

அவர் கேட்ட கேள்வி நியாயமானது. இந்தக் கேள்விக்காகப் பெரிய நிறுவனங்களே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. நாடுகளும் ஒன்றையொன்று உலக வர்த்தக அமைப்பின் முன் நிறுத்தியிருக்கின்றன. நம் சமுதாயத்தில் இறக்குமதித் தொழிலில் இறங்கும் இளைஞர்கள் பெருகி வருவதால், இதன் அடிப்படையை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

எண் எங்கிருந்து வருகிறது?

துறைமுகத்தில் வந்து இறங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. ஹெச்.எஸ். கோட் என்று வியாபாரிகள் சொல்வது இதைத்தான். பிரஸ்ஸல்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட உலக சுங்க அமைப்பு உருவாக்கிய இந்த முறை, 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்று 200-க்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் இதைப் பயன்படுத்துகின்றன.

முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம். நான்கு இலக்கம் தலைப்பு. ஆறு இலக்கம் துணைத் தலைப்பு. இந்த ஆறும் உலகம் முழுவதும் ஒன்றுதான். அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்குச் சேர்த்துக்கொள்ளும். இந்தியாவில் மொத்தம் எட்டு இலக்கம். 1975-ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இவை உள்ளன. 84-ஆம் அத்தியாயம் இயந்திரங்களுக்கு உரியது, 85-ஆம் அத்தியாயம் மின் சாதனங்களுக்கு உரியது. கம்ப்யூட்டருக்கும் அதன் உறுப்புக் கருவிகளுக்கும் உரிய தலைப்பு 8471.

இந்த 8471-க்கு ஏன் இவ்வளவு கிராக்கி? 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் உருவானது. கம்ப்யூட்டர் சார்ந்த பொருட்களுக்குச் சுங்க வரியை முற்றிலும் நீக்குவதே அதன் நோக்கம். இந்தியா 1997-இல் அதில் சேர்ந்தது. அதனால் ஒரு பொருள் 8471-க்குள் போனால் அடிப்படைச் சுங்க வரி இல்லை, ஐ.ஜி.எஸ்.டி. மட்டும் உண்டு. பக்கத்துத் தலைப்புக்குப் போனால் வரி வரலாம். ஒரே கருவி, ஒரே விலை. எண் மாறினால் செலவு மாறுகிறது. தகராறின் வேர் இங்கேதான் இருக்கிறது.

"கம்ப்யூட்டரில் செருகுகிறோமே!"

எந்த எண் என்பதை முடிவு செய்யப் பொது விதிகள் ஆறு உண்டு. முதல் விதி: தலைப்பில் உள்ள சொற்களையும், அந்தப் பிரிவுக்கும் அத்தியாயத்துக்கும் எழுதப்பட்டுள்ள குறிப்புகளையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும். கடையில் அதை எப்படி அழைக்கிறார்கள், அட்டைப்பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதைக் கொண்டு மட்டும் முடிவு செய்துவிட முடியாது.

84-ஆம் அத்தியாயத்தின் குறிப்பு, ஒரு கருவி கம்ப்யூட்டரின் உறுப்பாகக் கருதப்பட மூன்று நிபந்தனைகளைச் சொல்கிறது. ஒன்று, அது முழுக்கவோ பெரும்பாலுமோ கம்ப்யூட்டரோடு பயன்படுவதாக இருக்க வேண்டும். இரண்டு, மையச் செயலகத்தோடு நேரடியாகவோ வேறு கருவி வழியாகவோ இணைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்று, கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும் வடிவில் தகவலை வாங்கவோ கொடுக்கவோ அதனால் முடிய வேண்டும்.

நம் சகோதரர் இதோடு நிறுத்திக்கொண்டார். மூன்றும் பொருந்துகிறதே என்பது அவர் வாதம். ஆனால் அதே குறிப்பு அடுத்து ஒரு விலக்குப் பட்டியலையும் தருகிறது. மேற்சொன்ன நிபந்தனைகள் எல்லாம் பொருந்தினாலும், தனியாக வந்தால் 8471-இல் சேராத பொருட்கள் அவை: பிரிண்டர், காப்பி எடுக்கும் மெஷின், ஃபேக்ஸ், குரல், படம், தகவல் ஆகியவற்றை அனுப்பவும் பெறவும் பயன்படும் நெட்வொர்க் கருவிகள், ஸ்பீக்கர், மைக், டெலிவிஷன் கேமரா, டிஜிட்டல் கேமரா, மானிட்டர், புரொஜெக்டர்.

சகோதரர் கொண்டுவந்த கருவியில் இருந்த மூன்றுமே இந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதைக் காட்டியபோது அவர் பேசாமல் நின்றார்.

கீபோர்டும் மவுஸும் 8471 60-இல் வரும். ஹார்ட் டிஸ்க் 8471 70. ஆனால் ஹெட்போன் 8518-க்குப் போகிறது. பென் டிரைவ் 8523-க்கும், சார்ஜர் அடாப்டர் 8504-க்கும், மானிட்டர் 8528-க்கும், பிரிண்டர் 8443-க்கும் போகின்றன. கடையில் ஒரே ஷெல்ஃபில் இருப்பவை சுங்க அட்டவணையில் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. 'கம்ப்யூட்டர் ஆக்சஸரீஸ்' என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தலைப்பு அந்த அட்டவணையில் கிடையாது.

பல வேலை செய்யும் கருவிக்கு என்ன விதி?

ஒரு கருவி ஒரே வேலையைச் செய்தால் சிக்கல் குறைவு. பல வேலை செய்தால்? 84, 85 அத்தியாயங்கள் இரண்டும் அடங்கிய 16-ஆம் பிரிவின் மூன்றாவது குறிப்பு இதற்கு விடை சொல்கிறது. பல வேலைகளைச் செய்யும் மெஷினை, அதன் பிரதான வேலை எதுவோ அதைக் கொண்டே வகைப்படுத்த வேண்டும்.

பிரதான வேலை எது என்று கண்டுபிடிக்கவே முடியாவிட்டால், பொருந்தக்கூடிய தலைப்புகளில் எண் வரிசையில் கடைசியாக வருவதை எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன கருவியில் ஸ்பீக்கரும் மைக்கும் 8518, கேமரா 8525. எது பிரதானம் என்று தீர்மானிக்க வழியில்லை என்றால் 8525 என்றாகும்.

ஒரு பொருள் இரண்டு தலைப்புகளில் பொருந்துவது போலத் தெரிந்தால், பொதுவாகச் சொல்லும் தலைப்பைவிடக் குறிப்பாகச் சொல்லும் தலைப்புக்கே முன்னுரிமை என்பது இன்னொரு விதி. மதரஸாவில் உஸூல் பாடத்தில் 'ஆம்', 'காஸ்' ஓதியவர்களுக்கு இந்த வழி புதிதாகத் தெரியாது.

ஒரு மெஷின், மூன்று தீர்ப்பு

விதி எளிமையாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அது எவ்வளவு கடினம் என்பதற்கு, பிரிண்ட், ஸ்கேன், காப்பி, ஃபேக்ஸ் எல்லாம் செய்யும் மெஷினின் வரலாறே சாட்சி.

இந்தியாவில் ஜெராக்ஸ் இந்தியா நிறுவனம் 'ரீகல் 5799', 'எக்ஸ்.டி. 155 டி.எஃப்.' என்ற இரண்டு மாடல்களை இறக்குமதி செய்தது. கம்ப்யூட்டரோடு இணைந்து இயங்கும் கருவிகள் இவை, எனவே 8471 60 என்றது நிறுவனம். சுங்கத்துறை 8479 89 என்றது. வேறு எந்தத் தலைப்பிலும் அடங்காத மெஷின்களுக்கு ஒதுக்கப்பட்ட மிச்சத் தலைப்பு அது. தீர்ப்பாயம் துறையின் பக்கம் நின்றது. 2010-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த மெஷின்களின் பாகங்களிலும் தயாரிப்புச் செலவிலும் பெரும்பகுதி பிரிண்டிங் வேலைக்கே உரியது. ஆகவே பிரதான வேலை பிரிண்டிங்தான். அவை கம்ப்யூட்டரோடு இணைந்து செயல்படுபவை. எனவே 8471 60 சரியே என்று தீர்ப்பளித்தது. தகுந்த தலைப்பு ஒன்று இருக்கும்போது மிச்சத் தலைப்புக்குப் போகக் கூடாது என்பது இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம்.

இதே காலத்தில் ஐரோப்பாவில் வேறு கதை நடந்தது. அங்கே இத்தகைய மெஷின்களில் ஒரு பகுதியைக் காப்பி மெஷின்களோடு சேர்த்து 6 சதவீத வரி விதித்தார்கள். காப்பி, ஃபேக்ஸ் செய்யும் மெஷின் நிமிடத்துக்கு 12 பக்கத்துக்கு மேல் எடுக்காது என்றால் வரி இல்லை என்றும் ஒரு கோடு போட்டிருந்தார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. காப்பி எடுப்பது மற்ற வேலைகளுக்குத் துணையாக மட்டும் இருந்தால் அது கம்ப்யூட்டர் கருவி. அதுவும் சம முக்கியத்துவம் உள்ளதாக இருந்தால் மற்ற விதிகளைப் பார்க்க வேண்டும் என்று 2008 டிசம்பரில் அந்த நீதிமன்றம் சொன்னது.

அதே 2008-இல் அமெரிக்கா, ஜப்பான், தைவான் மூன்றும் உலக வர்த்தக அமைப்பில் ஐரோப்பா மீது புகார் கொடுத்தன. வரி இல்லை என்று ஒப்பந்தத்தில் வாக்களித்துவிட்டு, பெயரை மாற்றி வரி வாங்குகிறார்கள் என்பது புகாரின் சாரம். 2010 ஆகஸ்டில் நடுவர் குழுவின் அறிக்கை வந்தது. பழைய போட்டோகாப்பி மெஷின், மூலத் தாளின் ஒளிப்பிம்பத்தை ஒளி உணரும் பரப்பில் விழச் செய்து நகல் எடுப்பது. புதிய மெஷினோ தாளை ஸ்கேன் செய்து, டிஜிட்டல் தகவலாக்கி, பிறகு அச்சிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல, எனவே அந்த 6 சதவீத வரி ஒப்பந்தத்துக்கு முரணானது என்று குழு முடிவு செய்தது. ஐரோப்பா மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

கவனியுங்கள். கையில் நகலோடு நிற்பவருக்கு இரண்டு மெஷினும் ஒன்றுதான். நாம் இன்றும் இரண்டையும் 'ஜெராக்ஸ்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் உள்ளே நடக்கும் வேலை வேறு என்பதால் தீர்ப்பும் வேறாகிவிட்டது.

இதற்கிடையே உலக சுங்க அமைப்பே அட்டவணையைத் திருத்திவிட்டது. 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் பிரிண்டர்கள் 8471-இலிருந்து 8443-க்கு மாற்றப்பட்டன. பிரிண்ட், காப்பி, ஃபேக்ஸ் ஆகியவற்றில் இரண்டோ அதற்கு மேலோ செய்து, கம்ப்யூட்டரோடு இணைக்கவும் கூடிய மெஷின்களுக்கு 8443 31 என்று சொந்த வீடே கட்டிக் கொடுத்தார்கள். ஆகவே பழைய தீர்ப்பில் உள்ள எண்ணைப் பார்த்து இன்றைய பில்லில் எழுதுவதும் தவறு. தீர்ப்பில் எடுத்துக்கொள்ள வேண்டியது அது சிந்தித்த முறையை; எண்ணை அவ்வப்போதைய அட்டவணையில்தான் பார்க்க வேண்டும்.

இணையத்தில் தேடி எண் எடுப்பவர்களுக்கு

இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டும். திரையும் செயலகமும் ஒன்றாக இருக்கும் 'ஆல் இன் ஒன்' கம்ப்யூட்டர் 'கையில் எடுத்துச் செல்லக்கூடியது' என்ற வகையில் வருமா என்ற கேள்வி எழுந்தது. எடை 10 கிலோவுக்குள் இருப்பதால் வரும் என்றது துறை. எச்.பி., லெனோவோ நிறுவனங்கள் மறுத்தன. எடை மட்டும் அளவுகோல் ஆகாது என்று சொல்லி 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிறுவனங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கூடவே, விக்கிப்பீடியா போன்ற யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய தளங்களை இத்தகைய வழக்குகளில் அதிகாரிகள் நம்பி முடிவெடுப்பது குறித்தும் எச்சரித்தது. அதிகாரிகளுக்குச் சொன்னது நமக்கும் பொருந்தும்.

வரி மட்டும் பிரச்சினை அல்ல

எண் மாறினால் தேவைப்படும் அனுமதிகளும் மாறலாம். பயன்படுத்திய ஜெராக்ஸ் மெஷின்களை இறக்குமதி செய்வோர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். பழைய பல்பயன் மெஷின்கள் உரிமம் இல்லாமல் வந்த ஒரு வழக்கில், அவை தடை செய்யப்பட்டவை அல்ல, கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை என்று சொல்லி, அபராதம் கட்டி விடுவித்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் 2019-இல் இடம் கொடுத்தது. ஆனாலும் வழக்கு நடந்த காலமெல்லாம் சரக்கு முடங்கிக் கிடந்தால் கடன் வாங்கிப் போட்ட முதல் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் சகோதரர்கள் தங்கள் சொந்தப் பெட்டியில் கொண்டுவரும் சாமான் இந்தக் கணக்கில் வராது. அதற்குப் 'பயணிகள் சாமான்' என்று 9803 தனித் தலைப்பாக இருக்கிறது, விதிகளும் வேறு.

தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு?

2011 முதல் இந்தியாவில் சுங்க வரியை இறக்குமதியாளரே மதிப்பிட வேண்டும். சுங்கச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சரியான எண் எது, வரி எவ்வளவு என்று பில் ஆஃப் என்ட்ரியில் சொல்வது நம் வேலை. அதைச் சரிபார்ப்பதே அதிகாரியின் வேலை. ஏஜென்ட் நம் சார்பில்தான் செயல்படுகிறார். சப்ளையர் போடும் எண்ணோ அவர் நாட்டுத் தேவைக்கு எழுதியது.

குறைவாக வரி கட்டியிருந்தால் 28-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் நோட்டீஸ் வரலாம். வேண்டுமென்றே மறைத்தோம், பொய்யாகச் சொன்னோம் என்றால் ஐந்து ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகலாம். அப்போது வரி, வட்டி ஆகியவற்றோடு அவற்றுக்கு இணையான தண்டத் தொகையும் சேரும். தெரியாமல் செய்த தவறுக்கும் தெரிந்தே செய்த தவறுக்கும் சட்டம் இப்படி வித்தியாசம் வைத்திருக்கிறது. ஆகவே பொருளைப் பற்றிய விவரத்தை முழுமையாக எழுதுங்கள். 'கம்ப்யூட்டர் பார்ட்ஸ்' என்று மொட்டையாக எழுதாமல், 'கேமரா, மைக், ஸ்பீக்கர் கொண்ட யூ.எஸ்.பி. கருவி' என்று எழுதியிருந்தால், எண் தவறிப்போனாலும் மறைத்தார் என்று சொல்வது கடினம்.

ஒரு பொருள் வேறு தலைப்பில் வரும் என்று துறை சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பு துறைக்கே உரியது என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை உறுதி செய்த நிலை. ஆனால் வரிவிலக்கு அறிவிப்பின் பயனைக் கேட்டால், அதற்குத் தகுதி உண்டு என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. 2018-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கியிருக்கிறது.

முன்பே கேட்டுக்கொள்ள வழி உண்டு

பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. சரக்கு வருவதற்கு முன்பே, 'என் பொருள் எந்த எண்ணில் வரும்?' என்று முன்கூட்டிய தீர்ப்பு கேட்கலாம். டெல்லியிலும் மும்பையிலும் 2021 முதல் இதற்கான சுங்க ஆணையங்கள் செயல்படுகின்றன. கட்டணம் 10,000 ரூபாய். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு தர வேண்டும் என்பது சட்டம். சட்டமோ உண்மை நிலையோ மாறாதவரை அந்தத் தீர்ப்பு சில ஆண்டுகள் செல்லும். ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப இறக்குமதி செய்பவருக்கு இது பெரிய நிம்மதி.

சரக்கு வந்த பிறகு சந்தேகம் எழுந்தால், 18-ஆம் பிரிவின்படி தற்காலிக மதிப்பீடு கேட்டு, உத்தரவாதம் கொடுத்துச் சரக்கை எடுக்கலாம். உத்தரவு பாதகமாக வந்தால் 60 நாட்களுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம். இதற்கெல்லாம் தேவைப்படும் ஆதாரங்களை ஆர்டர் கொடுக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: தயாரிப்பாளரின் கேட்லாக், தொழில்நுட்ப விவரத்தாள், எந்தப் பாகத்துக்கு எவ்வளவு செலவு என்ற கணக்கு. ஜெராக்ஸ் வழக்கில் தீர்ப்பைத் திருப்பியது அத்தகைய கணக்குதான்.

கடிதத்தோடு வந்த சகோதரர்

எண்ணைத் தீர்மானிப்பது என் வேலை இல்லை, சுங்கச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்லாக்கோடு போங்கள் என்று அவரிடம் சொன்னேன். போனார். 8471 நிற்காது என்று அவரும் சொல்லிவிட்டார். நோட்டீஸ் வருவதற்கு முன்பே குறைந்த வரியையும் வட்டியையும் தாமாகக் கட்டிவிட்டால், மோசடி இல்லாத விஷயங்களில் தண்டம் இல்லாமல் முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. அவர் அப்படியே செய்தார். அந்தச் சரக்கில் லாபம் எதுவும் மிஞ்சவில்லை.

"ஹஜ்ரத், பொய் சொல்லணும்னு நான் நினைக்கவே இல்லை" என்றார்.

எனக்கும் அது தெரியும். ஆனால் படிக்காமல் போட்ட கையெழுத்தும் ஒரு வாக்குமூலம்தான். நிறையில் குறை வைக்கக் கூடாது, சரக்கின் குறையை மறைக்கக் கூடாது என்று வாடிக்கையாளர் விஷயத்தில் பேணும் நாணயம், பில் ஆஃப் என்ட்ரியின் அந்த எட்டு இலக்கத்திலும் இருக்க வேண்டும். அடுத்த ஆர்டருக்கு முன் அவர் முதலில் கேட்டது விலையை அல்ல, கேட்லாக்கைத்தான்.